மாமாவோடு போன மின்சாவி: வடபழனி முதல் அடையாறு வரை 14.2 கிலோமீட்டர்

வழக்கமாக இங்கே தீவுகளையும் படகுத்துறைகளையும் பற்றி எழுதுகிறவன், இந்த முறை நான் பிறந்து வளர்ந்த சென்னைக்குள்ளேயே இரண்டு மணி நேரம் அலைந்ததை எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிக்க வேண்டாம். பத்து வருட வேலையில் எந்தக் கடலிலும் நான் இவ்வளவு பயந்ததில்லை. சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடபழனியில் என் தங்கைக்குக் கல்யாணம். அதற்காக நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தேன்.

நான் அரசின் கடலோரப் பிரிவு ஒன்றில் இருக்கிறேன். ஆளில்லாத தீவுகளில் கருவிகளைப் பழுதுபார்க்கப் போகும் குழுக்களுக்குப் படகு அனுப்ப ஒப்புதல் தருவது என் பொறுப்பு. தீவின் பெயரைக் கேட்காதீர்கள். அதைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத மேலிடம் சம்மதித்தது.

இரண்டு வருடமாக எங்கள் பிரிவில் ஜீரோ டிரஸ்ட் என்றொரு முறை. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. தெரிந்தவர் என்பதற்காக யாரையும் உள்ளே விடாதே. ஒவ்வொரு காரியத்துக்கும் ஆளையும் கருவியையும் புதிதாகச் சரிபார். முன்பெல்லாம் அதிகாரியின் பாஸ்வேர்டு அவருடைய உதவியாளருக்குத் தெரியும், சில இடங்களில் டிரைவருக்கும் தெரியும். இப்போது பாஸ்வேர்டு மட்டும் போதாது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மின்சாவி கொடுத்திருக்கிறார்கள். அதை என் லேப்டாப்பில் செருகி விரலால் தொட்டால்தான் நான் நானாவேன். படகு எந்தத் தடத்தில் போக வேண்டும் என்ற விவரமே அதன் பிறகுதான் படகோட்டியின் கருவிக்குப் போகும். ஒப்புதல் இல்லாத படகை ரோந்துப் படை வழியிலேயே மறித்துத் திருப்பிவிடும்.

கல்யாணத்தன்று எனக்குப் பதிலாக இருக்கக்கூடிய ஒரே ஆள் டெல்லி விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். ஒரு தொடுதல்தானே, மண்டபத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பி வைத்த பெரிய மனுஷன் நான்தான். மின்சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று அதை அப்பாவின் ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் மாட்டி வைத்தேன். கல்யாண வீட்டில் ஸ்கூட்டர் எல்லாருக்கும் பொது என்பது, ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்து, இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. மணி 10.40. தீவிலிருந்த ஒன்பது பேர் குழுவின் தலைவர் அந்தோணி கூப்பிட்டார். காற்று பற்றிய முன்னறிவிப்பு திடீரென்று மாறிவிட்டதாம். மாலை ஏழுக்கு மேல் படகு எதுவும் கரை சேர முடியாது, ஆகவே அவர்களை அழைத்துவரும் படகு ஒன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும். “சீக்கிரம் சார். அலை கூடாரம் வரைக்கும் வந்துட்டுப் போவுது” என்றார். அந்தோணி சாதாரணமாகப் பதறுகிறவர் இல்லை.

லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியைத் தேடினால், சாவியும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. தாம்பூலப் பை தீர்ந்துவிட்டது என்று சுந்தரம் மாமா எடுத்துப் போயிருந்தார். அம்மாவின் தம்பி, தி.நகரில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். அவருடைய போனை அடித்தேன். அது மணமகன் அறையில், சார்ஜரில் மாட்டியபடி அடித்தது.

உடனே நந்தனத்தில் இருக்கும் எங்கள் உதவி மையத்துக்குப் பேசினேன். எடுத்தவர் கலா மேடம். ஆறு வருடமாகப் போனில் பழக்கம், என் தும்மலைக்கூட அடையாளம் சொல்வார். பத்து நிமிடத்துக்கு மட்டும் சாவி இல்லாமல் உள்ளே விடுங்கள் என்றேன். முடியாது என்றார். சாவி தொலையவில்லை, மாமாவிடம்தான் இருக்கிறது என்றேன்.

“உங்க கையில இல்லாத சாவி, தொலைஞ்ச சாவிதான் சார்.”

சொன்ன கையோடு அதை முடக்கியும் வைத்துவிட்டார். இனி சாவி கிடைத்தாலும், என் லேப்டாப்பிலிருந்து வீடியோவில் முகம் காட்டினால்தான் திறப்பாராம். அவசரத்துக்கு இன்னொரு வழி உண்டு: இரண்டு அதிகாரிகள் நந்தனத்தில் நேரில் சேர்ந்து, மாற்றுச் சாவி உள்ள, முத்திரை வைத்த உறையைப் பிரிக்க வேண்டும். ஒருவர் தாம்பரம் தாண்டி இருந்தார், இரண்டரைக்கு முன்னால் வர மாட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒன்பது பேருக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்று கத்தினேன். போனை வைத்துவிட்டேன்.

பட்டு வேட்டியோடு லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். 11.05க்கு ஆட்டோ கிடைத்தது. எவ்வளவு நேரம், எத்தனை இடம் என்று தெரியாததால் மொத்தத்துக்கும் 650 ரூபாய் பேசிக்கொண்டோம். ஓட்டுநர் தேவராஜ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னா சார், தாலி கட்டாம ஓடிக்கினு கீறியா?” என்று கேட்டார். மாப்பிள்ளை நான் இல்லை என்று நம்பவைக்கவே கோடம்பாக்கம் வரை ஆயிற்று.

வடபழனியிலிருந்து ரங்கநாதன் தெரு முனை 4.6 கிலோமீட்டர், 26 நிமிடம். பனகல் பூங்காப் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் சுற்றித்தான் போக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வேறு. முனையிலிருந்து மாமா கடைக்கு நானூறு மீட்டர்தான். கூட்டத்தில் நீந்திப் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம் ஆனது. கடையில் இருந்தவர், முதலாளி பையெல்லாம் எடுத்துக்கொண்டு ரிசப்ஷன் மாலைக்காக மயிலாப்பூர் போய்விட்டார் என்றார். சொந்தக் கல்யாணத்தில்கூட மாமா இவ்வளவு வேலை பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த 5.1 கிலோமீட்டருக்கு 29 நிமிடம். வழியில் அந்தோணி இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டாவது முறை காற்றுச் சத்தத்தில் அவர் பேசியது காதில் விழவில்லை. தெற்கு மாட வீதியில் மாமா எப்போதும் வாங்கும் பூக்கடைக்கு 12.25க்குப் போய்ச் சேர்ந்தேன். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னார்: “இப்பத்தான் போச்சு அந்தப் பெரிசு. அடையார்ல யாரையோ இட்டுக்கினு வரணும்னு சொல்லிச்சு.”

அடையாறு என்றால் பெரிய அத்தை வீடுதான். மாமாவுடைய அண்ணன் மனைவி, கால்வலி என்று முகூர்த்தத்துக்கு வராமல் இருந்தார். ஆட்டோவில் ஏறியபடியே அவருக்கு அடித்தேன். மாமா வந்தால் காபி கொடுத்து உட்கார வையுங்கள், நான் வரும்வரை விட வேண்டாம் என்றேன். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சரிப்பா என்று வைத்துவிட்டார். பார், மனிதர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கலா மேடத்தை மனதுக்குள் மறுபடியும் திட்டினேன்.

மந்தைவெளி தாண்டி, திரு.வி.க. பாலம் ஏறி, காந்தி நகர் போய்ச் சேரும்போது 12.58. மயிலாப்பூரிலிருந்து 4.5 கிலோமீட்டர். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சாவிக்கொத்து அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, என் மின்சாவியோடு, தெருவைப் பார்த்தபடி. யார் வேண்டுமானாலும் உருவிக்கொண்டு போயிருக்கலாம்.

ஸ்கூட்டர் சீட்டிலேயே லேப்டாப்பை வைத்தேன். போனிலிருந்து இணைப்பு கொடுத்து வீடியோவில் கலா மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தலையை இடம் வலம் திருப்பச் சொன்னார், திரையில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னார், அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். அதற்குள் மாமா காபி டம்ளரோடு வெளியே வந்து, “என்ன மாப்ள, நடுத்தெருவுல ஆபீஸ் போட்டுட்ட?” என்றார். 1.12க்குச் சாவியைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. 1.20க்குப் படகு கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தபோது அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேவராஜ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மாலை 6.05க்கு அந்தோணியிடமிருந்து அழைப்பு. ஒன்பது பேரும் கரையில் இருக்கிறார்கள், எல்லாரும் டீ குடிக்கிறார்கள் என்றார். ரிசப்ஷன் வரிசையில் நின்றிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கையைப் பிரிகிற அழுகை என்று நினைத்து அம்மா தோளைத் தட்டினாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரவு சாப்பாடு அமிர்தமாக இருந்தது.

தொலைதூரப் பணியிலிருந்து விசேஷத்துக்குச் சென்னை வருகிற நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். மின்சாவியை வேறு எந்தச் சாவியோடும் சேர்க்காதீர்கள். கழுத்தில் போடுங்கள், வேட்டி மடிப்பை நம்பாதீர்கள். விடுப்பில் இருந்தால் விடுப்பிலேயே இருங்கள், ஒப்புதல் பொறுப்பை இன்னொருவரிடம் முறையாக மாற்றிவிட்டு வாருங்கள். முகூர்த்த ஞாயிறு என்றால் இந்த 14.2 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லையென்றால் வடபழனியிலிருந்து மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறி நந்தனம் போகலாம். திங்கட்கிழமை காலை நான் போனது அப்படித்தான், கலா மேடத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்க.

ஆறு வருடத்தில் முதல் முறையாக அவரைப் பார்க்கிறேன். அடையாள அட்டையைச் சரிபார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னார். பிறகு, சனிக்கிழமை சாயங்காலமும் நான் அவரைக் கூப்பிட்டதாகச் சொன்னார். நான் கூப்பிடவில்லை. தங்கை கல்யாணத்தில் இருக்கிறேன், சாவி தொலைந்துவிட்டது, தீவுக் குழு இருக்கும் இடமும் படகுத் தடமும் உள்ள பக்கத்தை மட்டும் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள் என்று ஒருவன் என் பணி எண்ணைப் பிழையில்லாமல் சொல்லிக் கேட்டிருக்கிறான். கல்யாணப் பத்திரிகையை ஒரு வாரமாக வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தவன் நான்தான். ஏன் என்னிடம் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். போனில் பேசிய இருவரில் எது நிஜமான நான் என்று அவருக்குத் தெரியாதே என்றார். தாம்பரத்து அதிகாரியை ஞாயிறன்று வரச் சொன்னதும் அவர்தானாம், நான் கத்திவிட்டு வைத்த அடுத்த நிமிடமே.

அவன் குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“உங்க குரலேதான் சார். என்ன, அவரு கொஞ்சம் மரியாதையாப் பேசினாரு.”