ரேணுகாம்பாள் வைத்த பேனர்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்சந்தில் ரேணுகாம்பாள் வீடு. மாடியை வாடகைக்கு விட்டிருந்தாள். வெள்ளைக்காரர், ஜப்பான்காரி, ஆந்திராக்காரர் என்று யார் யாரோ வந்து தியானம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் முகத்தையும் அவள் மனசில் வைத்துக்கொண்டதில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு. ஒரே மகன் சிங்கப்பூரில் குடியேறி, போன் பண்ணினால் "அப்புறம் பேசறேம்மா" என்கிறவனாக ஆகிவிட்டான். இனி யாரிடமும் ஒட்டக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள் பாவம். அந்த வைராக்கியத்தைக் கெடுக்க ஈரானிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

பேர் பர்வானே. முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கும். தியானமும் கிடையாது, யோகாவும் கிடையாது. நாள் பூரா லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாள். வந்த புதிதில் ரேணுகா படியேறிப் போய் "சாப்டியாடி?" என்று சைகையில் கேட்டதற்கே பொலபொலவென்று அழுதுவிட்டாள். அவ்வளவுதான், போச்சு. மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கு உலை வைத்தாள் ரேணுகா. சமையற்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே பர்வானே தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். "காரம் ஜாஸ்தி, உப்பு கம்மி. கம்மி எங்க ஊர் வார்த்தைக்கா, நீங்க எடுத்துக்கினீங்க!" என்று சண்டைக்கு வருவாள்.

ஷிராஸ் என்கிற ஊரில் அவள் பத்திரிகை நிருபர். ஆறு வறண்டுபோச்சே, தண்ணீரை யார் கொண்டுபோனது என்று கேட்டு எழுதினாள். எழுதினால் சும்மா விடுவார்களா? பத்திரிகைக்குச் சீல் வைத்தார்கள். எடிட்டரை ஜெயிலில் போட்டார்கள். இவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒருநாள் கிளம்பி வந்துவிட்டாள். இங்கிருந்தபடி, வெளிநாட்டில் ஈரான்காரர்கள் நடத்துகிற செய்தித்தளத்துக்கு வேறொரு பேரில் எழுதுகிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் அங்கே இருக்கிற அம்மாவைப் பிடித்து உலுக்குவார்கள். அதனால் அம்மாவுக்கு ஒரு போட்டோகூட அனுப்புவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போனில் குரல் மட்டும்தான். பேச்சு முடிகிற நேரத்தில் ரேணுகாவும் போனை வாங்கி, "நல்லாகீறீங்களா? உங்க பொண்ணு சரியாவே துன்னமாட்டேங்குது" என்பாள். அந்தம்மா அவங்க பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் பேச்சு மட்டும் நிற்காது!

ரேணுகாவின் தம்பி மணிவேலும் நிருபர்தான், ஒரு பத்திரிகைக்கும் ஒரு யூடியூப் சேனலுக்கும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனுநாள், கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் என்று வண்டியில் அலைகிறவன். ஒருநாள் அக்கா வீட்டில் தோசை தின்றுகொண்டே புலம்பினான்.

"உயிரக் குடுத்து எழுதறேன்க்கா. கடைசில 'நமது நிருபர்'னு போட்டுடறானுங்க. எம் பேரு வர்றதேயில்ல."

பர்வானே சிரிக்கவில்லை. "அண்ணா, என் பேர் தினம் வரும். முதல் பக்கத்துல. அம்மா காலைல பேப்பர் பிரிச்சு, முதல்ல என் பேரைத்தான் தொடுவாங்க. இப்ப எவ்ளோ எழுதறேன், எதுலயும் நான் இல்ல. ஒரே ஒரு தடவை என் பேரை அச்சுல பார்க்கணும் அண்ணா" என்றாள்.

ரேணுகா தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றாள். அந்த வார்த்தை அவள் மனசிலேயே தங்கிவிட்டது.

அந்த வருஷம் ஈரானில் போராட்டம் வெடித்தது. அங்கே ஜனங்கள் தெருவுக்கு வந்தால் அரசாங்கம் முதலில் நெட்டைத்தான் பிடுங்குமாம். வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின, அம்மாவின் குரல் வரவில்லை. சுட்டுவிட்டார்கள் என்று ஒரு செய்தி வரும், பொய் என்று இன்னொன்று வரும். பர்வானே போனை மடியில் வைத்துக்கொண்டு பித்துப்பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "அண்ணாமலையாரே, அந்தத் தாய் குரலைக் கேக்க வெச்சுடு, பௌர்ணமிக்கு அன்னதானம் போடறேன்" என்று ரேணுகா வேண்டிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. அம்மாவேதான்! இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வேண்டுதல் என்றால் செய்தே ஆகவேண்டும். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் பந்தல் போட ஏற்பாடாச்சு. அன்னதானம் என்றால் பந்தலில் பேனரும் வைத்தாகவேண்டும், உபயம் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? நம்ம ஊர் வழக்கம் அது. ரேணுகா பேனர் கடைக்குப் போனாள். பாவம் பொண்ணு, பேரு அச்சுல வரணும்னு ஏங்குறாளே, நானே போட்டுடறேன் என்று தோன்றிவிட்டது. பயம் வராமல் இல்லை. ஆனால் ஈரான் எங்கே கிடக்கிறது, அடி அண்ணாமலை எங்கே கிடக்கிறது? நம்ம ஊர் பேனரை அவனுங்க வந்தா படிக்கப்போறானுங்க? அப்படித்தான் நினைத்தாள் நம்ம மகராசி.

பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் அலைமோதியது. சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்த பர்வானேவைத் தோளில் கை போட்டு இழுத்துவந்து பேனர் முன்னால் நிறுத்தினாள் ரேணுகா. அவளோட பெரிய போட்டோ. கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் 'ஈரான் பத்திரிகையாளர் பர்வானே'. பர்வானே வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டி, தன் பேரைக் கையால் தொட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு அப்படியே வெளுத்துப்போனது.

"அக்கா, எடுத்துடுங்க. இப்பவே எடுத்துடுங்க."

எடுத்தார்கள். ஆனால் மணிவேல் சும்மா இருந்தானா? அக்கா அவள் தோளில் கை போட்டுப் பேனர் முன்னால் நின்றதை நேரலையில் போட்டுவிட்டிருந்தான். பதறியடித்து அழித்தான். அதற்குள் நாலு சேனல்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், 'மதம் மாறினாரா ஈரான் பெண் பத்திரிகையாளர்?' என்று சிவப்பு வட்டம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எதை எழுதி ஊரைவிட்டு வந்தாள் என்று ஒருத்தனாவது கேட்டானா? கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் யாரோ தெரியாத நம்பரிலிருந்து அம்மாவின் குரல் பதிவாகி வந்தது. பர்வானே அதைக் கேட்டுக் கேட்டு, ரேணுகாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"என்னைக் கூப்பிட்டு மேஜை மேல உன் போட்டோ வெச்சாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. நான் வாயே திறக்கல. பயந்துட்டேன்னு நெனச்சாங்க. நான் உன்னையே பார்த்துக்கினு இருந்தேன் கண்ணு. எத்தனை வருஷமாச்சு உன் முகத்தைப் பார்த்து! முடிய வெட்டிட்டியா? பக்கத்துல தோள் மேல கை போட்டு நிக்கிற பொம்பள யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். அவங்ககிட்ட சொல்லு, உன்னைப் பார்த்துக்கச் சொல்லு. இனிமே நீ போன் பண்ணாத."

ரேணுகா தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "நாசமாப்போன என் கை! நான்தானேடி கெடுத்தேன்!"

பர்வானே அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "இல்லக்கா. அம்மா என் முகம் பார்த்தாங்க" என்றாள். ஆனால் துணிகளைப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தாள். இடம் தெரிந்துபோச்சு, இனி இங்கே இருக்க முடியாது.

ஆட்டோ வந்து நின்றது. "எங்க போறேன்னா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"சொல்லாதடி. எனக்குத் தெரியவே வேணாம். எங்கனா நல்லா இரு, போ" என்றாள் ரேணுகா.

போன மாசம் மைக்கும் கையுமாக ஒருத்தர் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, ஈரான் ரிப்போர்ட்டர் ஒருத்தங்க உங்க மாடிலதான் இருந்தாங்களாமே?"

அவள் எப்படிச் சிரிப்பாள், தூக்கத்தில் எந்தப் பாஷையில் பேசுவாள் என்று எல்லாம் ரேணுகாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவளைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை பேசமாட்டோமா என்று தவித்துக் கிடந்தவள்தான்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.