ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு

டிரம்மின் மரப்பலகையில் சாக்பீஸால் வட்டமாக எழுதிய ஆறு எண்கள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. 1, 4, 2, 8, 5, 7. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் என் வீட்டுக்காரர் டிரம் ஓட்டினார். தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுழற்றும் பெரிய மர உருளை அது. மதியச் சோறு கொண்டுபோன என்னிடம் அந்த எண்களைக் காட்டி, "ரெண்டால பெருக்கு" என்றார். அஞ்சாவது வரை படித்தவள் நான். ஆட்கள் பார்க்கிறார்களே என்று தலையைக் குனிந்து மனதுக்குள் பெருக்கினேன். 2,85,714. அதே எண்கள், அதே வரிசை, தொடங்கும் இடம்தான் வேறு. ஆறால் பெருக்கும் வரை அப்படியேதான் சுற்றி வந்தது.

"டிரம்மு மாதிரிதான். உள்ள இருக்கிற தோலு ஜாஸ்தியும் ஆவாது, கம்மியும் ஆவாது. எது மேல வருதோ அது மொதல்ல" என்றார். ஏழால் பெருக்கினால் மட்டும் ஆறு ஒன்பதுகள். "அதோட மோட்டார் ஆஃப்பு."

பக்கத்தில் தோலிலிருந்து உப்பை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாண்ணே, அண்ணி சோறு போட வந்தாங்களா, பரீட்சை எழுத வந்தாங்களா?" என்றார். வெட்கத்தில் கேரியரை விட்டுவிட்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டிலும் கேட்பார், "நாலால இன்னா?" என்று. அவரே பதில் சொல்வார், நான் தலையாட்டுவேன். எங்கள் பேச்சில் பாதி அதுதான்.

வயதான பிறகு பக்கவாதம் வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேச்சு நின்றுபோயிருந்தது. மகளைப் பார்த்தே முழித்தார். "எதையாவது பேசிக்கினே இருங்க, அப்பதான் பேச்சு திரும்பும்" என்றாள் நர்ஸ். கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள். என்ன பேசுவது? மகள், "பேசும்மா" என்று அழுதாள். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்து, மூன்றால் பெருக்கியதைச் சொன்னேன். "நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஒண்ணு, ஏழு."

பதற்றத்தில் கடைசி இரண்டும் இடம் மாறிவிட்டன. அவர் புருவம் சுருங்கியது. கோணாத பக்கத்து உதடு மெல்ல அசைந்தது.

"ஏழு... ஒண்ணு."

ஒரு தோல் மாற்றி அடுக்கியிருந்தாலும் பொறுக்காத மனிதர். மகள் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். நான் முந்தானையை எடுத்துவிட்டு நாலால, அஞ்சால, ஆறால என்று கேட்டுக்கொண்டே போனேன். "இன்னா ஆயா, தாத்தாவுக்கு டியூஷனா?" என்று பக்கத்துக் கட்டில்காரி சிரித்தது காதில் விழுந்தது. நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரை, வேறு சொல் வராத நாளிலும் எண்கள் வந்தன.

இப்போது அவர் இல்லை. ஏழோடு நிறுத்தியவரிடம் எட்டால் பெருக்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்டதே இல்லை. போன வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 11,42,856. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, கடைசி ஏழு மட்டும் ஆறாகியிருக்கிறது. குறைந்துபோன ஒன்று எங்கே என்று தேடினேன். எல்லாவற்றுக்கும் முன்னால் போய்த் தனியாக நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. எட்டால் பெருக்கியதை வாய்விட்டே சொன்னேன்.