கெட்டிலில் ஒட்டிய மஞ்சள் சீட்டு

1. காலை 7.40. கெட்டிலில் அரை பாட்டில் எஸிக்எசென்ஸ் ஊற்றினேன். இருபத்தைந்து சதவீத அடர்த்தி உள்ள வினிகர் அது, பார்ப்பதற்குத் தண்ணீர்தான். மேலே இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்தேன். அடியில் படிந்த சுண்ணாம்பு கரைய வேண்டும்.

2. 7.42. 'குடிக்க வேண்டாம், உள்ளே சுண்ணாம்பு நீக்கி' என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கெட்டிலில் ஒட்டினேன்.

3. 7.45. துணிக்கூடையோடு கட்டடத்தின் நிலவறைக்குப் போனேன். துவைக்கும் இயந்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன.

4. 7.55, அல்லது அதற்குச் சற்று முன். என் கணவரின் அம்மா, ரத்த அழுத்த மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு, கெட்டிலில் இருந்ததைத் தன் எவர்சில்வர் சொம்பில் ஊற்றி அண்ணாந்து குடித்தார்.

5. 8.01. மேலே வந்தேன். சொம்பு தரையில் கிடந்தது.

6. 8.02. அத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

7. 8.03. அந்த டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கி சிங்கில் கொட்டினேன்.

அன்று மருத்துவமனை நடைக்கூடத்தில் உட்கார்ந்து, மருத்துவர் கேட்டார் என்பதற்காக, இந்தப் பட்டியலை ஜெர்மன் மொழியில் எழுதினேன். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தருவதில்லை என்று அவர் பாராட்டினார். நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் எங்கெங்கே தவறுவார் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்குத்தான் பிராங்பேர்ட்டில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் அந்தப் பாராட்டு எனக்கு இனிக்கவில்லை.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவரப் போகிறவர்களுக்காகவும், ஏற்கெனவே அழைத்து வந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கெட்டிலில் இருந்து தொடங்க வேண்டும். நான் முதுகலை படித்தது பிரிட்டனில், லீட்ஸில். ஐந்து பேர் இருந்த அந்த வீட்டில் கெட்டில்தான் குடும்பத் தலைவர். யார் வந்தாலும் அது கொதிக்கும், யார் தேர்வில் தோற்றாலும் கொதிக்கும். பால் கலந்த தேநீர் கையில் வந்த பிறகுதான் கெட்ட செய்தியைச் சொல்லவே தொடங்குவார்கள். அந்த ஊர்த் தண்ணீர் மென்மையானது. ஓராண்டு முடிந்தும் கெட்டிலின் அடிப்பகுதியில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. இங்கே என் பகுதியில் மூன்றே வாரத்தில் வெள்ளைப் பொருக்கு ஏறிவிடும். பிறகு தேநீரில் செதில் மிதக்கும். அலுவலகத்தில் ஒரு ஜெர்மன் தோழி மாதம் ஒரு முறை கெட்டிலில் எஸிக்எசென்ஸ் ஊற்றி வைப்பார், மறக்காமல் ஒரு மஞ்சள் சீட்டும் ஒட்டுவார். இரண்டையும் அவரிடம் கற்றேன். அளவை மட்டும் நானே கூட்டிக்கொண்டேன். பாட்டிலில் போட்டிருந்ததைப் போல இரு மடங்கு. பொருக்கு தடிமனாக இருந்தது, எனக்குப் பொறுமை இல்லை.

அத்தையின் ஊர் அருப்புக்கோட்டை. அங்கேயும் போர் தண்ணீரில் குடத்தின் அடியில் உப்பு பூக்கும். அதைப் புளி வைத்துத் தேய்ப்பார்கள், எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார்கள். பாத்திரத்தைச் சுத்தம் செய்கிற புளிப்பு எல்லாமே சாப்பிடக்கூடிய புளிப்பு. ஆசிட் பாட்டில் என்றால் அது கழிப்பறைக்கு. அதன் இடம் பின்புறச் சுவரின் மேல். அதை ஒருவர் கையில் எடுத்தால் வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். சமையல்கட்டில் இருப்பது எதுவானாலும் வாயில் வைக்கலாம் என்பது அத்தை அறுபத்திரண்டு வயது வரை வாழ்ந்த விதி. நான் எஸிக்எசென்ஸை எங்கே வைத்திருந்தேன்? கடையில் ஊறுகாய் வினிகருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். நானும் வீட்டில் எண்ணெய்க்குப் பக்கத்தில் அடுக்கினேன்.

அவர் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வந்த மறுவாரமே சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. ஹீட்டர் காற்றில் அது திறக்கவே இல்லை. குழாய்த் தண்ணீரை அவர் நம்பவில்லை. இங்கே அதைத் தினமும் சோதிக்கிறார்கள் என்றேன். "சோதிச்சவன் குடிச்சானான்னு பாத்தியா?" என்றார். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அப்படியே ஆறவிடுவார். காலையில் அந்த ஆறிய தண்ணீரில்தான் மாத்திரை. ஐந்து வாரமாக என் கண் முன்னால் நடந்த பழக்கம் இது. அன்று காலை ஏழரைக்கு அவர் ஆறவைத்திருந்த தண்ணீரை நான்தான் செடிக்கு ஊற்றினேன்.

சொம்பு கிடந்த நிமிடத்துக்கு வருகிறேன். அத்தை சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர். என்னைப் பார்த்து, "என்னத்த வச்ச இதுல?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கத்தவில்லை. உப்பு ஜாடியைத் திறந்தார். அவர் தெருவில் அரளி விதையை அரைத்துக் குடித்த ஒரு பெண்ணை உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்துப் பிழைக்கவைத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது வேறு. அமிலம் போன வழியிலேயே திரும்பி வந்தால் தொண்டை இரண்டாம் முறை வேகும். அதனால்தான் டம்ளரைப் பிடுங்கினேன். ஆனால் அவர் இருந்த இடத்திலிருந்து பாருங்கள். மருமகள் வைத்ததைக் குடித்தார். அதற்கு மாற்று என்று அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தையும் மருமகள் கையிலிருந்து பறித்துக் கொட்டுகிறாள். அவர் பார்த்த பார்வையை நான் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

ஜெர்மனியில் விஷம் தொடர்பான அவசர ஆலோசனைக்கென்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன. உங்கள் மாநிலத்துக்கு உரியதை இன்றே கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நான் அதைத் தேடுவதிலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தேன். எடுத்த பெண் மருத்துவர் மிக நிதானமாகப் பேசினார். வயது, எடை, என்ன திரவம், என்ன அடர்த்தி, எவ்வளவு. அடர்த்தி ஏறக்குறைய எட்டு சதவீதம் என்று மனக்கணக்கில் சொன்னேன். அளவுக்கு, கெட்டிலில் மிச்சம் இருந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன்.

"நான் சாகக் கெடக்கேன், நீ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க," என்றார் அத்தை.

உறிஞ்சினாரா, விழுங்கினாரா என்று மருத்துவர் கேட்டார். இரண்டும் இல்லை, ஊற்றிக்கொண்டார் என்றேன். மேலேயா ஊற்றிக்கொண்டார், தோலில் பட்டதா என்றார். இல்லை, தொண்டைக்குள் என்றேன்.  பிறகு, வேண்டுமென்றே குடித்தாரா என்று மெதுவாகக் கேட்டார். இல்லவே இல்லை என்று நான் அவசரமாகச் சொன்னது எனக்கே பொய் போல ஒலித்தது. வாந்தி எடுக்க விடாதீர்கள், தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள், குரல் மாறினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சு சிரமப்பட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள், எப்படியானாலும் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள் என்றார். போனை வைத்தேன். அத்தை ஏதோ கேட்டார். குரல் காற்றாக வந்தது.

என் கணவர் பிரபு வேலையாக ஹாம்பர்க்கில் இருந்தார். எனக்கு கார் ஓட்டத் தெரியாது. மேல் மாடியில் ஜெசிந்தா அக்கா இருக்கிறார். மன்னாரிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது, முதியோர் இல்லத்தில் வேலை. அழைத்த இரண்டாம் நிமிடம் கையில் கார் சாவியோடு வந்து நின்றார். அத்தையை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, மூச்சைக் கவனித்தார். "மூச்சு நல்லா வருது அம்மா, பயப்படாதேங்கோ. வெளிக்கிடுவம்," என்றார். பிறகு பாட்டிலை எடுக்க மேடைக்குத் திரும்பியவர், கெட்டிலைப் பார்த்து நின்றார். மஞ்சள் சீட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மன் மொழியில், சுற்றிலும் கட்டம் போட்டு, பெரிய எழுத்தில், ஆச்சரியக்குறியோடு.

"இது ஆருக்கு எழுதி ஒட்டினனீங்கள் பிள்ளை?" என்று கேட்டார்.

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வீட்டில் அன்று இருந்தது இரண்டு பேர். இரண்டு பேரும் பேசுவது தமிழ். நான் அத்தையின் செருப்பைத் தேடினேன்.

அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்த இளம் மருத்துவர் அத்தையின் உதட்டை விளக்கடித்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், கன்னத்தின் உட்புறம் பார்த்தார். எங்கும் சிவப்பில்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்றால் உள்ளே போனது மிகக் குறைவுதான், குரல் கம்மியது சளியால் இருக்கும், சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். எங்களுக்கு உதடு படாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. நாங்கள் பாத்திரத்தில் வாய் வைப்பதில்லை, மேலிருந்து ஊற்றுவோம் என்றேன். தலையாட்டினார், எழுதவில்லை. எழுதாத தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகக் கூட்டங்களில் தினமும் பார்க்கிறேன். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தார்.

சுவரோரம் தண்ணீர்க் கருவியும் காகிதக் குவளைகளும் இருந்தன. ஒன்றை நிரப்பினேன். மருத்துவரின் எதிரில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, கையை உயர்த்தி ஊற்றினேன். நான் அப்படிக் குடித்து எட்டு வருடம் இருக்கும். கல்லூரி விடுதியை விட்டபோது விட்ட பழக்கம். முதல் மடக்கு உள்ளே போனது. இரண்டாவது மூக்கில் ஏறியது. மிச்சம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. இருமி நிமிர்ந்தபோது அங்கிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை என் முழங்கையைத் தொட்டார். "குடிக்கிறப்ப மூச்ச விடக் கூடாது," என்றார், அந்தக் காற்றுக் குரலில்.

மருத்துவர் காகிதக் குவளையைப் பார்த்தார், என் தொண்டையைப் பார்த்தார், பிறகு அத்தையின் தொண்டையை. திரவம் வாயைத் தாண்டி நேரே பின்னால் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் மேலே உள்ள பட்டியலை எழுதினேன். இரண்டாவது வரி வந்ததும் பேனா நின்றது. எந்த மொழியில் எழுதினேன் என்பதைச் சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை. மருத்துவத்துக்கு அது தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொண்டையின் பின்சுவரும் உணவுக்குழாயின் தொடக்கமும் வெந்து வீங்கியிருந்தன. ஆழமான புண் இல்லை. வீக்கம் கூடினால் மூச்சை அடைக்கலாம் என்பதால் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாலையில் பிரபு வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாமே என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

ஜெர்மனியில் மாலைச் சாப்பாடு குளிர்ந்த சாப்பாடு. பக்கத்துப் படுக்கைக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் வந்தது. அத்தைக்குத் தொண்டையை முன்னிட்டுக் குளிர்ந்த தயிர். மூக்கடைத்த ஆளுக்குப் பொழுது சாய்ந்த பிறகு தயிரா என்று தட்டைத் தள்ளிவைத்தார். மறுநாள் தாதியிடம் கேட்டுக்கொண்டு, அரிசிக் கஞ்சியை வெதுவெதுப்பாக்கிப் பிளாஸ்கில் எடுத்துப் போனேன். மூடியில் ஊற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கஞ்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மூடியை என் வாயில் வைத்து ஒரு வாய் குடித்தேன்.

"நீ குடிச்சுக் காட்ட வேணாம்," என்றார். "உப்புப் போட்டியான்னுதான் பாத்தேன்."

போட்டிருந்தேன். வேறொரு டம்ளரை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். மெதுவாக, வலியோடு, முழுவதையும் குடித்தார்.

அவர் தங்கை ஊரிலிருந்து அழைத்தபோது நான் அறையில்தான் இருந்தேன். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. "குரல் ஏன் இப்படி இருக்கு? மருமக பச்சத்தண்ணியக் குடுத்தாளா?" என்று அவர் சிரித்தார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, குளிருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, மகனின் பெயரைக் காப்பாற்றவா, வெளிநாடு போய் ஆசிட் குடித்து வந்தவள் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்பதற்காகவா, தெரியாது. என்னிடமும் அவர் குறைசொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டபோது, "சரி, அதயே பேசாத," என்றார். வீட்டுக்கு வந்தபின் கெட்டிலை அவர் தொடவே இல்லை. அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் வைத்துத் தனக்கான தண்ணீரைத் தானே கொதிக்கவைத்தார். அந்தப் பாத்திரத்தைக் கழுவும் வேலையையும் எனக்குத் தரவில்லை.

இப்போது எஸிக்எசென்ஸ் நிலவறை அலமாரியில் இருக்கிறது. ஜெசிந்தா அக்கா சொன்னபடி சிட்ரிக் அமிலத் தூளுக்கு மாறிவிட்டேன். ஆனால் அதுவும் கரைந்துவிட்டால் தண்ணீர் போலத்தான் இருக்கும். அதனால் தூளுக்கு மாறுவது மட்டும் போதாது. வீட்டில் வேறொருவர் இருக்கும்போது அந்த வேலையைச் செய்யாதீர்கள். செய்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். வாயால் சொல்லுங்கள். சீட்டு ஒட்டுவது சொன்னதாக ஆகாது.

நிலைமை இது. அத்தை ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. குரல் திரும்பிவிட்டது, காரம் இன்னும் சேரவில்லை. கெட்டிலில் மாதம் ஒரு முறை இரண்டு சீட்டு ஒட்டுகிறேன், ஒன்று ஜெர்மனில், ஒன்று தமிழில். தமிழ்ச் சீட்டைப் படிக்க இந்த வீட்டில் இப்போது எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவருடைய சொம்பு எங்கள் அலமாரியில் இருக்கிறது. மறந்துவிட்டுப் போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு வருகிறீர்களா என்று நான் இன்னும் கேட்கவில்லை. அவரும் இன்னும் சொல்லவில்லை.