இருபத்தொரு சேலை தூரம்

போன வாரம் அரியலூர் கடைத்தெருவில் ஜன்னலுக்குத் துணி எடுக்கப் போனேன். கடைக்காரர் ஒரு துண்டுத்துணியை விரித்துக் காட்டினார். இது ரெண்டேகால் மீட்டர்தான் இருக்கும், பத்தாது என்றேன். இரும்புக்கோலை வைத்து அளந்தார். ரெண்டேகால்தான். “கண்ணாலயே அளந்துட்டீங்களே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏற ஏற, பழைய ஆத்திரமும் ஏறியது.

அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்த காலம் அது. ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் கூடை சுமக்கும் வேலை எனக்கு. படிப்பு நாலாவதோடு நின்றுவிட்டது. கிலோவை வாத்தியார் சொல்லித் தரவில்லை, கழுத்து கற்றுக்கொண்டது. ஒரு பாக்கெட் உப்பு ஒரு கிலோ. ஒரு கூடைக் கல் இருபது பாக்கெட் உப்பு. சிமெண்ட் மூட்டை ஐம்பது கிலோ. என்னோடு கூடை தூக்கிய சின்னப்பொண்ணும் அதே கனம்தான். புருஷன் விட்டுப் போனவள். “மூட்டையத் தூக்க ரெண்டு பேரு ஓடியாரானுவ, என்னத் தூக்க ஒருத்தனும் வரல பாரு” என்பாள்.

மீட்டர் எங்களுக்குத் துணிக்கடையோடு சரி. ரவிக்கைக்கு ஒன்று, சேலைக்கு ஐந்தரை. தரையையும் அதால் அளக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

தினம் மத்தியானம் வெடி வைப்பார்கள். முன்னூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. மேஸ்திரி முதல் நாளே ஒரு வேலமரத்தைக் கைகாட்டினார். “அதான் முன்னூறு மீட்டரு. அங்க போயி சோத்தத் தின்னுங்க.” மூன்று வருஷம் அங்கேதான் தின்றோம். வெடி நேரத்தில் அவர் மட்டும் ரோட்டுக்கு டீ குடிக்கப் போய்விடுவார். அதை யோசிக்காத புத்திசாலிகள் நாங்கள்.

ஒரு நாள் தேங்காய் அளவு கல் ஒன்று பறந்து வந்து சின்னப்பொண்ணின் முழங்காலில் விழுந்தது. கால் திரும்பிக் கிடந்தது.

பெரம்பலூரிலிருந்து அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். தள்ளிப் போகச் சொல்லியும் இதுகள் கேட்கவில்லை என்றார் மேஸ்திரி. அதிகாரி என்னிடம் திரும்பினார்.

“முன்னூறு மீட்டர்னா எவ்வளவு தூரம்னு தெரியுமாம்மா?”

“தெரியாதுங்க.”

மரத்தைக் காட்டியதே இவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு என்று மேஸ்திரி அதட்டினார். தூரம் தெரியாமல் கிட்டத்தில் நின்றார்கள் என்று எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே வெட்டலாம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சின்னப்பொண்ணு சொன்னாள். “காலு போனாப் போவுது. எம்மேல தப்பு இல்லன்னு எழுதச் சொல்லுடி.”

ஞாயிற்றுக்கிழமை குழியில் ஆள் இல்லை. நானும் என் நாத்தனாரும் ஒரு சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு குழி ஓரத்திலிருந்து அளந்தோம். மரம் வரைக்கும் இருபத்தொரு சேலை. ரெண்டு சேலை பதினொரு மீட்டர் என்று விரல் விட்டு எண்ணினேன். நூற்றுப்பதினைந்து வந்தது. முன்னூறுக்கு ஐம்பத்தைந்து சேலை வேண்டும். விடாமல் ரோட்டுப் பக்கம் அளந்துகொண்டே போனோம். ஐம்பத்தைந்தாவது சேலை டீக்கடை வாசலில் போய் முடிந்தது.

மேஸ்திரிக்கு மீட்டர் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பஸ் ஏறிப் பெரம்பலூர் ஆபீசுக்குப் போனேன். சேலையில் அளந்ததையெல்லாம் எழுத முடியாது, நீங்கள்தானே தெரியாது என்று கையெழுத்துப் போட்டீர்கள் என்றார்கள். “அப்ப டேப்ப எடுத்துட்டு வந்து நீங்களே அளங்க சார்” என்றேன். வருகிறோம் என்றார்கள்.

வரவில்லை. குழி வளர்ந்துகொண்டே போனது. மறுவருஷம் வேலமரத்தையும் தின்றது. சின்னப்பொண்ணு கட்டையை ஊன்றிக்கொண்டு ஆறு வருஷம் இருந்தாள். பார்க்கும்போதெல்லாம் எழுதினார்களா என்று கேட்பாள். அவளும் போய்விட்டாள். இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கிறது. இன்றைக்கு டேப்போடு யார் வந்தாலும் அளந்து காட்டத் தரை இல்லை. என் கையெழுத்து மட்டும் ஏதோ ஒரு பீரோவில் பத்திரமாக இருக்கும்.