மேர்வின் கண்டெடுத்த செக் நாவல்

ஸ்ட்ரெதமில் கிறிஸ்தவப் பங்குக் கோவில் நடத்தும் பழம்பொருள் கடையில், வாரத்தில் இரண்டு நாள் புத்தகங்களைப் பிரித்து அடுக்குவது மேர்வினின் வேலை. சம்பளம் இல்லை. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். இளவயதில் புலமைப்பரிசில் கிடைத்து, செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில் ஐந்து வருடம் படித்தவர் என்பது கடையில் எவருக்கும் தெரியாது.

ஒருநாள் வந்த பெட்டியில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடந்தது.

"உந்தப் புத்தகத்தை ஒருத்தரும் வாங்கமாட்டினம் அண்ணை, பழைய பேப்பர் பாக்கில போடுங்கோ," என்றாள் கடையைப் பார்த்துக்கொள்ளும் மரினா.

"பொறுங்கோ பிள்ளை. இது செக் பாஷை. எனக்கு வாசிக்க ஏலும்."

1934இல் அச்சான நாவல். பாதி மறந்த மொழி என்பதால் நாளுக்கு நான்கு பக்கம்தான் நகர்ந்தது. கதையில் வரும் நகரத்தில் எல்லோரும் காலையில் ஓர் அலுவலகத்துக்குப் போய், கண்ட கனவைச் சொல்ல வேண்டும். நாயகன் ஒருநாள் உண்மையில் நடந்ததைக் கனவென்று சொல்லிவிடுகிறான். அலுவலக எழுத்தர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடைசியில் எது நடந்தது, எது கனவு என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த இடத்தில் மேர்வின் புத்தகத்தை மூடினார். இரண்டு நாள் தொடவில்லை. என்ன நடந்ததென்று மனைவி அருள்மலர் கேட்டார்.

"அசைலம் இன்டர்வியூவில, ஆமி என்னைப் பிடிச்ச தேதியை மூண்டு தரம் கேட்டாங்கள். மூண்டு தேதி சொன்னனான். பொய் எண்டு எழுதிப்போட்டாங்கள். அப்பீலில வெல்ல அஞ்சு வருசம். அதுக்குள்ள எனக்கே சந்தேகம் வந்திட்டுது, உண்மையா நடந்ததோ எண்டு. உமக்குச் சொல்லேல்லை."

அருள்மலர் அவர் முதுகில் கை வைத்தார்.

"அப்ப, உங்கட முதுகில கிடக்கிற தழும்பும் கனவோ?"

மேர்வின் அழுதார். மறுநாள் விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார். பிறகு, வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டு, பிர்னோவிலுள்ள ஒரு நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அன்றைக்கே பதில் வந்தது. போர்க்காலத்தில் பிரதிகள் எரிக்கப்பட்டு, பழைய மதிப்புரைகளில் மட்டுமே பெயர் எஞ்சியிருந்த நாவல் அது. நூலகர் ஒருவர் நேரில் வந்து, மெல்லிய தாளில் சுற்றி எடுத்துப் போனார்.

இந்த வசந்தத்தில் மறுபதிப்பு வெளியானது. பிர்னோவில் நடந்த வெளியீட்டுக்கு மேர்வினும் அருள்மலரும் போனார்கள். மேர்வின் செக் மொழியில் பத்து நிமிடம் பேசினார். அந்த மூன்று தேதிகளையும் சொன்னார்.

இப்போது அந்த நாவலைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். இருபது பக்கம் முடிந்திருக்கிறது. இரண்டு இடங்களில் தமிழ் பிசகென்று அருள்மலர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.