மஞ்சள் துணியில் முடிந்த பாஸ்வேர்டு

எனக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனால் எங்காவது ஒரு பழைய டிராக்டர் விலைக்கு வந்தால் முதலில் தெரிந்துகொள்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். எந்த வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எதில் கியர் மக்கர் செய்கிறது, எவன் புளுகுகிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அத்தனையும் வேலை நேரத்தில் இன்டர்நெட்டில் மேய்ந்து வளர்த்த அறிவு.

உடையார்பாளையத்தில் நான் பத்திர எழுத்தர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கதவுத் திரைக்குப் பின்னால் குடித்தனம். பத்திரத்தில் இரண்டு வரி அடிப்பேன், டிராக்டர் பக்கம் போவேன். அங்கிருந்து மேட்டூர் அணையின் நீர்மட்டம். அங்கிருந்து முன்பின் தெரியாத இரண்டு பேர் போடும் சண்டை. திரும்பி வரும்போது டீ ஆறிப்போயிருக்கும், மூன்றாவது வரி பிறந்திருக்காது. மனைவி கேட்டால் வில்லங்கச் சான்று பார்க்கிறேன் என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் மீன்சுருட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவரை இழந்தவர். தன் முந்திரிக்காட்டை இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட வேண்டும் என்றார். எங்கள் தொழிலில், எழுதி முடித்த வரைவைச் சம்பந்தப்பட்டவர்கள் எதிரில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். மகள்களும் மருமகன்களும் சாட்சிகளும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று படித்தேன். படிப்பதைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போய் நாளாகிவிட்டது.

"மேற்படி சொத்துக்கு வடக்கில் வண்டிப்பாதை, கிழக்கில் ஓடை, தெற்கில் டயர் நான்கும் புதிது, நேரில் வந்து ஓட்டிப் பார்க்கவும்."

நண்பனுக்கு அனுப்புவதற்காக நான் காப்பி செய்து வைத்திருந்த விளம்பர வரி, தெற்கு எல்லையில் போய் உட்கார்ந்திருந்தது. சின்ன மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மேஜை மேல் இருந்த மூலப் பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கி எம் புள்ளைங்க வரப்புல நின்னு அடிச்சிக்கக் கூடாதுன்னுதான் ரைட்டரே ஒங்ககிட்ட வந்தேன்" என்றார். "வர்ற பொதங்கெழம பதியணும். இன்னொரு தப்பு இருந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஜெராக்ஸை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போனால் மீன்சுருட்டிப் பக்கமிருந்து ஒரு ஈ காக்கைகூட என் கடைக்கு வராது. போதாததற்கு எதிர்வரிசையில் நான்கு எழுத்தர்கள். 'டயர் ரைட்டர்' என்று பட்டப்பெயர் வைக்க அவர்களுக்கு அரை நாள் போதும்.

திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் மனைவி கேட்டிருந்தாள். அன்று சாயங்காலமே, வேண்டாத வெப்சைட்டுகளைத் தடுக்கும் ஒரு சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டிராக்டர், அணை, சண்டை எல்லாம் பட்டியலுக்குள் போயின. தடையை எடுக்க ஒரு பாஸ்வேர்டு வேண்டும். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க, அவளே ஒன்றைப் போட்டாள். மறந்து தொலைக்காதே, எங்காவது எழுதி வை என்றேன். பெரிய யோசனைக்காரன்.

அவள் ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்தாள். ஒரு ரூபாய்க் காசோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். பத்திரம் நல்லபடியாகப் பதிவாகும்வரை அவிழ்ப்பதில்லை என்று குலசாமிக்கு வேண்டுதல். எங்கள் பக்கத்தில் சாமிக்கு என்று காசு முடிந்துவிட்டால், வேண்டுதல் நிறைவேறும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். என் போனையும் அவள் விடவில்லை. அவளுடைய பட்டன் போன் என் கைக்கு வந்தது.

மறுநாளிலிருந்து என் விரல் தானாகப் போய் டிராக்டர் பக்கத்தைத் தட்டும். தடுத்த பக்கத்தில் என்ன எழுத்து வர வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். வீராப்பில் நான் 'வேலையைப் பாருடா' என்று வைத்திருந்தேன். நகல் மனு எழுத வந்த ஒருவர் அதைத் திரையில் பார்த்துவிட்டு, கவர்மெண்டே இப்படித் திட்ட ஆரம்பித்துவிட்டதா என்று கவலையோடு விசாரித்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் மனைவி, பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ் ஏறினாள். நான் ஆணியைப் பார்த்தேன். வேண்டிக்கொண்டவள் அவள். நான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனும் இல்லை, சாட்சியும் இல்லை. சட்டப்படி என்னைக் கட்டுப்படுத்தாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு துணியை அவிழ்த்தேன்.

காசு இருந்தது. தாளும் இருந்தது. அதில் பாஸ்வேர்டு இல்லை.

'அவுத்தது சாமிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போய்ப் பத்திரத்த எழுதுங்க.'

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுடைய கையெழுத்தைப் பார்த்து நான் நடுங்கியது அன்றுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடச் சாமி பயம். தெய்வக் குற்றம் ஆகிவிடக் கூடாதே என்று சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயைத் தப்புக்காசாக உள்ளே போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, துணியைப் பழையபடி முடிந்து மாட்டினேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் மீன்சுருட்டிக்கே போய்த் தெற்கு எல்லையைக் காலால் நடந்து பார்த்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலையில் அதே பெஞ்சு, அதே ஆட்கள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் படித்தேன். தெற்கு வந்ததும் அந்த அம்மா கையை உயர்த்தி, அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"தெற்கில் பொதுக்கிணற்றிலிருந்து வரும் வாய்க்கால்."

அவர் மகள்களைப் பார்த்தார். இருவரும் தலையாட்டினார்கள். மடியிலிருந்த மூலப் பத்திரத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். மத்தியானத்துக்குள் பத்திரம் பதிவாகிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் மனைவி விளக்கேற்றி, சாமி கும்பிட்டுவிட்டு மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளங்கையில் இரண்டு காசுகள் விழுந்தன. அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது. அவிழ்த்த தடயத்தை மறைத்தவன், அபராதத்தை உள்ளேயே கட்டி வைத்திருக்கிறேன்.

அவள் காசையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஒத்தக் காசுதான முடிஞ்சேன்" என்றாள். "குட்டி போட்ருக்கே."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அடுத்த பத்திரத்துக்கும் சேர்த்து முடிந்துவிடு என்றேன்.

"தாள்ல என்னங்க எழுத?"

"அந்தத் தாளயே வையி" என்றேன்.