கடைசி ஸ்டாப் எங்க ஊடு

கம்பெனி வேன் ஓட்டுறவனுக்கு ஊர்ல இருக்கிற எல்லா ஊட்டு வாசலும் அத்துப்படி, தன் ஊட்டு வாசலைத் தவிர. வண்டி ஓட்டிப் பொழைக்கிறவங்களும், அப்படி ஓட்டுறவனைக் கட்டிக்கிட்டு அவஸ்தைப்படுறவங்களும் இதைப் படிச்சா, நான் ஒண்ணும் பெருசா விளக்க வேண்டியதில்லீங்க. எண்பதுகள் முடியற சமயத்துல திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கிட்டு இருந்தேன். அப்ப ஒரு மழையில நடந்ததை மட்டும் சொல்றேன். சொல்லக் கூச்சமாத்தான் இருக்குது. இருந்தாலும் நம்ம ஆளுங்ககிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்ல?

இறக்கி உடற வரிசை

கம்பெனி நல்லூர்ல. எங்க ஊடு மண்ணரையில, நொய்யல் ஆத்துக்கு அந்தப் பக்கம், ஆத்தங்கரைக்கு நெம்பக் கிட்ட. வண்டி ராத்திரி எங்க ஊட்டு முன்னாலதான் நிக்கும். அதனால காலையில மண்ணரைப் பொம்பளைங்களை மொதல்ல ஏத்திக்கிட்டு, பாலம் தாண்டி, வழியில நிக்கறவங்களையெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டுக் கம்பெனிக்குப் போவேன். பொழுதோட திரும்பறப்ப அப்படியே தலைகீழ். கம்பெனிக்குக் கிட்ட இருக்கற ஊடு மொதல்ல, எங்க ஊடு கடைசி. இதுல முன்ன பின்ன மாத்தினா அவ்வளவுதான். "அவளை மட்டும் வாசல்லயே எறக்கி உடறீங்க"ன்னு ஒருத்தி ஆரம்பிச்சா வாரம் பூரா என் காது தாங்காது.

மண்ணரைப் பொம்பளைங்க வண்டி ஏறுறதுக்கு முன்னாடி, பள்ளிக்கூடம் போற வயசு வராத புள்ளைங்களை எங்க ஊட்டுல உட்டுட்டு வருவாங்க. என்ற சம்சாரம் சரஸ்வதி, எங்க பொண்ணு கவிதாவோட சேத்து அதுகளையும் பாத்துக்குவா. கவிதாவுக்கு அப்ப நாலு வயசு. பொழுதோட நான் வண்டிய நிறுத்துனதும் ஓடியாந்து ஸ்டியரிங்கைப் புடிச்சுக்குவா. "நம்ம ஊட்டுக்கு மட்டும் ஏங்கப்பா கடைசியா வர்றீங்க?"ன்னு கேப்பா. "தைரியமான ஆளுங்களைத்தான் கண்ணு கடைசி ஸ்டாப்புல வெப்பாங்க, அவங்கதான் அழுவாம இருப்பாங்க"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிச்சு வெச்சிருந்தேன். சரஸ்வதிகிட்ட இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. அடுப்புல இருந்து தலையைத் திருப்பாமலே சொல்லுவா: "ஒரு நாளைக்காச்சும் எங்களை மொத ட்ரிப்புல ஏத்துங்க, அந்தத் தைரியத்தை வேற யாராச்சும் வெச்சுக்கட்டும்."

வெள்ளாட்டுக்கும் சீட்டு

அந்த ஐப்பசியில மழை விட்டபாடில்லை. மேக்கால மலையில பேஞ்ச தண்ணி ஆத்துல ஏறிட்டு வருதுன்னு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல சேதி வந்துச்சு. முதலாளி மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாரு. தங்கமான மனுசன். "நம்ம ஆளுங்க குடும்பம் எங்கெங்க பள்ளத்துல இருக்குதோ, அல்லாத்தையும் மேட்டுல இருக்கற கலியாண மண்டபத்துக்குக் கொண்டாந்து சேத்திரு"ன்னு எங்கிட்டச் சொன்னாரு. எந்த ஊடு மொதல்லன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. கை தானா ஸ்டியரிங்கைத் திருப்பிருச்சு. பொழுதோட போற அதே வரிசை.

மொத ஊடு, நிட்டிங் மெஷின் ஓட்டுற பையன் ஒருத்தனோட ஊடு, ஓடையை ஒட்டி. அவங்கப்பா ரங்கசாமி, தண்ணி வாசப்படி ஏறியும் நகர மாட்டேன்னு நிக்கறாரு. அவர் ஆடுங்க வந்தாத்தான் அவரும் வருவாராம். வெள்ளாடு தண்ணியைக் கண்டா காலை ஊனிக்கிட்டு நிக்குமுங்க. ஒண்ணைப் புடிச்சா ஒண்ணு ஓடுது. தொரத்திப் புடிச்சு, தூக்கி, சீட்டுக்கு நடுவால தள்ளி ஏத்தறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிப் போச்சு.

மண்ணரை ஞாபகம் வராம இல்லை. வருசா வருசம் ஆத்துத் தண்ணி எங்க வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிரும், இந்தத் தடவையும் அப்படித்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேரமாகுதுங்கன்னு கொஞ்சம் முணுமுணுத்தேன். பெரியவரு ஆட்டு மேல கையைப் போட்டு உக்காந்துக்கிட்டு நிதானமாச் சொன்னாரு: "ஆட்டுக்கும் சீட்டு வேணும்னா சொல்லு சாமி, வாங்கிக்கலாம், நீ வண்டிய எடு."

கழுத்துல விழுந்த துண்டு

போறதும் வர்றதுமா எத்தனை நடை அடிச்சனோ தெரியாது. நல்லூர்ப் பக்கத்துப் பள்ளத்துல இருந்த ஊடு ஒண்ணு பாக்கியில்லை. வாதம் வந்து படுத்தவங்களைக் கட்டிலோட தூக்கி வெச்சேன். பச்சை உடம்புக்காரி ஒருத்தியையும் அவ கொழந்தையையும், வண்டியில மாத்துக்கு வெச்சிருந்த என்ற லுங்கியைப் போத்திக் கொண்டாந்தேன். மண்டபத்துல கம்பெனிப் பொம்பளைங்கதான் பெரிய பெரிய அண்டாவுல சோறு ஆக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் உள்ள நொழைஞ்சதும் முதலாளி ஒரு புதுத் துண்டை எடுத்து என் கழுத்துல போட்டாரு. "இந்த மாதிரி ஆளு எந்தக் கம்பெனில இருக்கறான்?"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு. நான் வெக்கப்படற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. சோத்துத் தட்டை நீட்டுனாங்க, வாங்கி ஒரு வாய் வெச்சேன்.

அப்பத்தான் ஜெயமேரி வந்தா. செக்கிங் செக்சன்ல இருக்கறவ, மண்ணரைப் பொண்ணு; மத்த மண்ணரைப் பொம்பளைங்க இன்னும் பின்னால அடுப்படியிலதான் இருந்தாங்க. அவ புள்ளைங்க ரெண்டும் எங்க ஊட்டுலதான் இருக்கும். முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டே மண்டபத்தைச் சுத்திச் சுத்திப் பாத்தா. எனக்குப் பின்னால வேற யாராச்சும் வர்றாங்களான்னும் எட்டிப் பாத்தா. பசங்க எங்கண்ணான்னு கேட்டா. நான் சோத்துத் தட்டைக் கீழ வெச்சேன். என் மொகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா போல. சத்தம் போடலை, மெதுவாத்தான் சொன்னா: "டிரைவரண்ணன் ஊட்டுலதான இருக்குது, மொத ட்ரிப்புலயே வந்திருக்கும்னு நம்பித்தானுங்கண்ணா நான் பேசாம சோறு வடிச்சுட்டு இருந்தேன்."

பாலத்துக்கு இந்தப் பக்கம்

அவளை முன் சீட்டுல ஏத்திக்கிட்டு விரட்டுனேன். வழி நெடுக அவ உதடு ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்துச்சு. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். முதலாளி போட்ட துண்டு இன்னும் கழுத்துலயே கெடந்துச்சு. அதை உருவி சீட்டுக்கு அடியில திணிச்சேன்.

பாலத்துக்கு மேல தண்ணி போய்க்கிட்டு இருந்துச்சு. மத்தியானம் நான் ஆட்டைத் தொரத்திக்கிட்டு இருந்தப்ப பாலம் நல்லாத்தான் இருந்துச்சாம், பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் கயித்தைக் கட்டி வழியை மறிச்சிருந்தாரு. "உடுங்கய்யா, அந்தப் பக்கம் என்ற பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது, இந்தப் பொண்ணோட புள்ளைங்களும் அங்கதான் இருக்குது"ன்னு கும்பிட்டேன். இத்தனை நேரம் நீ எங்க போயிருந்தேன்னு கேட்டாரு. நானும் மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன், பெருமையாச் சொல்ல வேண்டியதுன்னு சித்த நேரத்துக்கு முந்தி நெனைச்சிருந்ததை. அவர் என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, வேற பாலம் இருக்குது, சுத்திக்கிட்டுப் போன்னு கையைக் காட்டுனாரு. அப்புறம் கேட்டாரு: "ஊருல இருக்கறவன் ஊட்டுக்கெல்லாம் வழி தெரிஞ்சுது, உன்ற ஊட்டுக்கு வழி தெரியலையாப்பா?"

மொட்டை மாடியில

சுத்திப் போய் மண்ணரை சேரறப்ப வெளிச்சம் மங்கிருச்சு. எங்க வீதியில இடுப்பளவு தண்ணி. எங்க ஊட்டுல ஓட்டுக்குக் கீழ வரைக்கும் ஈரம் ஏறி எறங்குன கறை தெரிஞ்சுது. ஜெயமேரிதான் தண்ணிக்குள்ள எறங்கி முன்னால போனா. அப்ப எதுத்தாப்புல இருந்த தையல் கம்பெனி மொட்டை மாடியில இருந்து ஜெயமேரியைப் பாத்து "அத்தே"ன்னு கவிதா கூப்புடற சத்தம். நிமுந்து பாத்தா கைப்பிடிச் சுவத்துக்கு மேல வரிசையாச் சின்னச் சின்னத் தலைங்க. சரஸ்வதி அவங்க பின்னால நிக்கறா, சேலை தொப்பலா நனைஞ்சு.

அடுப்பெரிக்கச் சேத்து வெச்சிருந்த கட்டிங் வேஸ்ட் துணியை முறுக்கி முடி போட்டு, எங்க ஊட்டு ஜன்னலுக்கும் அந்தக் கம்பெனிப் படிக்கட்டுக்கும் கட்டிருக்கறா. அதைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு புள்ளையாத் தோள்ல வெச்சுக் கொண்டுபோய்ச் சேத்திருக்கறா. ஜெயமேரி புள்ளைங்க ரெண்டும் மொதல்ல. அப்புறம் மத்தவங்க புள்ளைங்க. கவிதாவை, சாமான் வெக்கச் சுவத்துல கழுத்து உசரத்துக்கு அடிச்சிருந்த அட்டாலிப் பலகை மேல ஏத்தி நிக்க வெச்சிருந்தாளாம். அவளை எடுக்கப் போறப்ப தண்ணி அட்டாலிப் பலகையைத் தொட்டிருச்சாம்.

ஜெயமேரி புள்ளைங்களைக் கட்டிப் புடிச்சு அழுவறா. எனக்கோ கோவம் வந்துச்சு, வெக்கத்தை மறைக்க வேற எதுவும் கையில இல்லை. "பெத்த புள்ளையக் கடைசிக்கு உடுவியாடி?"ன்னு எல்லார் முன்னாலயும் கத்திட்டேன். சரஸ்வதி கோவிச்சுக்கலை. "நம்மளை நம்பி உட்டுட்டுப் போன புள்ளைங்களுங்க, அதுகளைத்தான மொதல்ல எடுக்கோணும்"னா. சேலைத் தலைப்பைப் புழிஞ்சுக்கிட்டே, "ஆத்துல தண்ணி ஏறறப்பவே கெளம்பியிருப்பேன். நீங்க வண்டி கொண்டாருவீங்கன்னு வாசல்லயே நின்னு ரோட்டைப் பாத்துட்டு இருந்தனுங்க, அதுலதான் நேரம் போயிருச்சு"ன்னா.

கவிதாவைத் தூக்கிக்கிட்டேன். உடம்பு வெடவெடன்னு நடுங்குது, ஆனா கண்ணுல பொட்டுத் தண்ணி இல்லை. என் காதுகிட்ட வாயை வெச்சு, பரிசு வாங்குன மாதிரி சொன்னா: "நான் அழுவவே இல்லீங்கப்பா, நாந்தான கடைசி ஸ்டாப்பு."

இப்ப அவளைக் கட்டிக் குடுத்திருக்கற மாப்பிள்ளை உடுமலைப் பக்கம் பஸ் ஓட்டுறாருங்க. மழை கட்டுனா போன் போட்டு "ஊடு போய்ச் சேந்தாச்சுங்களா"ன்னு கேக்கறது என்ற வேலை, "இன்னும் ரெண்டு ஸ்டாப் பாக்கி இருக்குதுங்க மாமா"ன்னு சொல்றது அவர் வேலை.